மச்சான் விழுந்த விதம்

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை பத்தரை மணிக்கு நடந்தது இது. இடம், முசரவாக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் என் மனைவியின் ஊர். அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள்.

அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று உங்களுக்குப் புரியாது. செய்த எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஏனாத்தூரில் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. வீடு செவிலிமேட்டில். பிழைப்பு ஜெராக்ஸ் என்றாலும் உயிர் சினிமாதான். அதிலும் சண்டைப் படம். சீனாக்காரன் எடுத்ததோ தாய்லாந்துக்காரன் எடுத்ததோ, தமிழில் பேசினாலும் சரி, கீழே எழுத்து ஓடினாலும் சரி, விடமாட்டேன். பார்த்ததும் போனில் பேசி ஸ்டேட்டஸில் போட்டுவிடுவேன். பிராஜெக்ட் பைண்டிங்குக்கு வரும் பிள்ளைகள் என் விமர்சனத்தைக் கேட்டுவிட்டுத்தான் படத்துக்குப் போவார்கள். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

என் கட்சி இதுதான். சண்டைப் படத்தில் கையைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று தன் முறை வரும்வரை காத்திருந்து அடி வாங்கினால் அது சண்டை இல்லை, ரேஷன் கடை வரிசை. எல்லாவற்றையும்விட, ஒருவன் விழுகிற விதம் முக்கியம். நடிகன் விழும்போது எதையாவது காப்பாற்றிக்கொண்டு விழுவான், தலையையோ முழங்கையையோ. நிஜமாக விழுகிறவன் எதையும் காப்பாற்ற மாட்டான்.

குடும்பப் படங்கள் எனக்கு ஆகாது. எங்கே அழ வேண்டும் என்று வயலின் வாசித்துச் சொல்லிக்கொடுத்தால் எனக்குக் கோபம்தான் வரும். என் மனைவி நேர் எதிர். கதாநாயகியின் அப்பா இருமினாலே முந்தானையை எடுத்துவிடுவாள். "ஒரு ஆளு வுழுந்தா ஐயோன்னு தோணணும். உங்களுக்கு மார்க்கு போடத்தான் தோணுது" என்பாள். நான் சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைப் போடுவேன்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். திருவிழா மாதங்களில் கூத்து ஆடப் போவார். அவருடையது ராஜா வேஷம். கடைசிச் சண்டையில் தொடையில் அடிபட்டுச் சாகிற ராஜா. அந்த ஊர்ப் பக்கம் திருவிழா முடிகிற நாளில் இந்தச் சண்டையை மேடையில் ஆட மாட்டார்கள். வெட்டவெளியில், வெயிலில், படுகளத்தில்தான் ஆடுவார்கள். களிமண்ணைக் குழைத்து அந்த ராஜாவையே இருபது அடிக்கு மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வேஷக்காரர்கள் இரண்டு பேரும் கதாயுதத்தோடு அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஆடிவிட்டு, கடைசியில் ராஜா அதன்மேலேயே விழ வேண்டும். அதற்குப் பிறகு ராணி வேஷம் வந்து, அவர் சாகும்வரை முடிய மாட்டேன் என்று சபதம் போட்டு விரித்த கூந்தலை முடிகிறவரை அவரை யாரும் தொடக் கூடாது. சுற்றிலும் கயிறு கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்திருப்பார்கள். உள்ளே செருப்புக் கால் படக் கூடாது.

மச்சானுக்குச் சர்க்கரை உண்டு. காப்புக் கட்டிப் பத்து நாளாக ஒருவேளைச் சாப்பாடு. ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாள் டவுனில் இருந்து அதை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்ததே நான்தான்.

அன்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றோரம் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அசந்துபோனேன். மச்சானுக்கு ஐம்பத்திரண்டு வயது. தோளிலும் மார்பிலும் மரக்கட்டை அணிகலன், தலையில் கிரீடம், காலில் ஒரு படி சலங்கை. அவ்வளவையும் சுமந்துகொண்டு அந்த மனிதர் வைத்த ஒவ்வொரு அடியும் மத்தளத்தின்மேல் உட்கார்ந்தது. நான் பார்த்த எந்தப் படத்திலும் அப்படிக் கால் வேலை இல்லை. வீடியோ எடுத்தபடி வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருந்தேன்.

தொடையில் கதாயுதம் விழுந்தது. மச்சான் ஒரு சுற்றுச் சுற்றி, கையைக் கிரீடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, மண் ராஜாவின் வயிற்றில் சாய்ந்தார். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நான் போனுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், "பாத்தீங்களா, கிரீடத்தக் காப்பாத்திக்கினாரு பாருங்க. வுழறதுன்னா இப்டி வுழணும்."

மத்தளம் நின்றது. ஆனால் சலங்கை நிற்கவில்லை. இடது கால் சலங்கை மட்டும் விட்டு விட்டு உதறிக்கொண்டிருந்தது, எந்தத் தாளத்திலும் இல்லாமல். முப்பது வருடம் ஆடிய கால் தாளம் தப்புமா என்று எனக்குத் திக்கென்றது. வாய் வேறு ஒரு பக்கம் கோணியிருந்தது. கை கிரீடத்துக்குப் போனது நடிப்பு. கால் உதறுவது நடிப்பில்லை. எது மச்சான்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"உங்க அண்ணனுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்றேன் மனைவியிடம்.

"சும்மா இருங்க. அண்ணன் வருசா வருசம் இப்டித்தான் ஆடுது" என்றாள். சொன்னாளே தவிர அவள் முகமும் சரியாக இல்லை.

சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. பக்கத்தில் வெல்லப் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போனை மனைவி கையில் திணித்துவிட்டு, ஒரு டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினேன். செருப்போடுதான் தாண்டினேன். மச்சான் தலையைத் தூக்கி, விரலில் பானகத்தைத் தொட்டு அவர் உதட்டுக்குள் தடவினேன். கிரீடம் கழன்று மண்ணில் உருண்டது. பின்னால் ஊரே கத்தியது.

மச்சான் கண்ணைத் திறந்தார். உதட்டை நக்கினார். என்னை யாரோ போலப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இன்னா மாப்ள, இங்க வந்துக்கினு?" என்றார்.

நான் உருகிப்போயிருக்க வேண்டும். அதற்குள் நாலு கை என்னை வெளியே இழுத்துவிட்டது. ஒரு பெரியவர் என்னை அடிக்கவில்லை, அவ்வளவுதான். "படம் எடுக்கறவன்லாம் உள்ள வந்தா படுகளம் இன்னாத்துக்குயா?" என்றார்.

அதற்கு மேல் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. தீட்டாகிவிட்டது, முதலிலிருந்து ஆட வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். மறுபடி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மச்சானை உட்கார வைத்துக் கிரீடத்தைக் கட்டினார்கள். "வேணாம் மச்சான், வேற ஆளு ஆடட்டும்" என்று கயிற்றுக்கு வெளியே இருந்து கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தலைக்கு நேரே வெயில். அவருக்கு நிஜமாகவே மயக்கம் வந்திருந்தால், என்னால்தானே இப்போது இரண்டாம் முறை சாகப் போகிறார்? மனைவியிடமிருந்து போனை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மச்சான் மறுபடி அத்தனை சுற்றும் ஆடினார். அடி விழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றினார், கையைக் கிரீடத்தில் வைத்தார், அதே வயிற்றில் அதே மாதிரி சாய்ந்தார். மத்தளம் நின்றது. இடது கால் சலங்கை விட்டு விட்டு உதறியது. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

அப்படியானால் முதலில் விழுந்ததும் நடிப்பா? இல்லை, இரண்டு முறையும் நிஜமா? நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். போக விடாமல் பிடித்தாளா, பயத்தில் பிடித்தாளா, அதையும் நான் இன்றுவரை கேட்கவில்லை. ராணி வேஷக்காரர் வந்து, பாடி, கூந்தலை முடிகிறவரை அந்தச் சலங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதறினால் பயமாக இருந்தது. நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது. குடும்பப் படம் பார்க்கும்போது மனைவிக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கூந்தலை முடிந்ததும் ஜனங்கள் வழக்கப்படி மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போக முண்டியடித்தார்கள். அந்த நெரிசலுக்கு நடுவில் மச்சான் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு டம்ளர் பானகம் குடித்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

பிறகு ஆளுக்கொரு சேதி வந்தது. கூத்துக்காரர்களிடம், "சாவுற கால் தாளத்துலயா ஒதறும்? அது என் வேலப்பாடு" என்றாராம் மச்சான். பூசாரியிடம், சாமி வந்துவிட்டது, ஒன்றும் நினைவில்லை என்றாராம். தன் மனைவியிடம் மட்டும், கண் இருட்டிவிட்டது, யாரிடமும் சொல்லாதே என்றாராம். மூன்றையும் எனக்கு வந்து சொன்னது என் மனைவிதான். எதை நம்புகிறாய் என்று கேட்டேன். மூன்றையும் என்றாள்.

பத்து நாள் கழித்து மச்சானே கடைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்த வீடியோவக் கொஞ்சம் காட்டு மாப்ள" என்றார்.

காட்டினேன். தான் விழுகிறதைப் பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாம் முறை போனைக் காதோடு வைத்துச் சலங்கையை மட்டும் கேட்டார். அவர் முகத்தில் எனக்கு இருந்த அதே குழப்பம்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. எத்தினி படம் பாத்திருக்கிற. நீ சொல்லு. நான் ஆடுனனா, வுழுந்தனா?"

எனக்குத் தெரியவில்லை மச்சான் என்றேன். வாழ்க்கையில் ஒரு காட்சியைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கும் தெர்ல. இவ்ளோ நாளா ஆடிட்டன், எங்க ஆட்டம் முடியுது, எங்க நான் ஆரம்பிக்கிறன்னு தெர்ல." எழுந்து ஸ்டூலை ஓரமாக நகர்த்தி, "அடுத்த வருசமும் கயிறுகிட்டயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு வருடமும் போய் நிற்கிறேன். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டோடு. போனை எடுப்பதில்லை. அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் விழுந்ததற்கும் நான் கயிற்றைத் தாண்டியதற்கும் நடுவில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் ஓடுகிறது, அதில் பாதிக்கு என் குரல் அந்த விழுதலைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறது. மச்சான் நடித்தாரா இல்லையா என்பது எனக்கு இனியும் தெரியப் போவதில்லை. இப்போதெல்லாம் படத்தில் யார் விழுந்தாலும், நன்றாக விழுந்தானா என்று பார்ப்பதற்கு முன் எழுந்திருக்கிறானா என்றுதான் என் கண் பார்க்கிறது.