துவைத்துப் போட்ட கோட்டு

மலையில் பிறந்தவள் அல்ல எர்மான்ஸ். அடிவாரத்து ஊரில் ரொட்டி சுடுகிறவன் மகள். பிரான்சின் காந்தால் மலைக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து சாணி அள்ளினாள், பாலாடைக்கட்டி பிழிந்தாள், பிள்ளையும் பெற்றாள். மாட்டு மடியில் மட்டும் அவளைக் கைவைக்க விட்டதில்லை. "அது மாவு பிசையிற கை" என்று சிரிப்பான் புருஷன் எமே.

அந்தச் சிவப்பு மாடுகளும் லேசுப்பட்டவை அல்ல. கன்றை ஊட்டவிட்டு, தாயின் முன்காலோடு கட்டி, அதன் முதுகில் உப்பைத் தூவவேண்டும். நக்கிக்கொண்டேதான் பால் விடும். ஆள் மாறினால் பாலை உள்ளே எக்கிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் எமே செத்தான். அவனுடைய நாற்றம் பிடித்த தொழுவக் கோட்டை மாட்டிக்கொண்டு எர்மான்ஸ் போய் உட்கார்ந்தாள். மாடுகள் மோந்து பார்த்தன, பால் விட்டன.

மாட்டில் பாதி எமேயின் தம்பி ரேமோனுக்குப் பாத்தியதை. விற்றுத் தொலைக்கலாம் என்று நச்சரித்தான். "மாடு கோட்டுக்குத்தான் கறக்குது அண்ணி, உங்களுக்கு இல்ல."

"என்னைக்கு எனக்குக் கறக்கலையோ, அன்னைக்கு வியாபாரியக் கூட்டிட்டு வா. பேசாம கயித்த அவுத்துத் தர்றேன்" என்றாள்.

கோடையில் மகள் கொரலி, லியோன் நகரிலிருந்து தன் சிநேகிதி தெல்ஃபீனைக் கூட்டி வந்தாள். நல்ல பெண். சும்மா உட்காரத் தெரியாது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் கோட்டை எடுத்து, வாசனை சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் காயப்போட்டுவிட்டாள்.

"அம்மா, கறையெல்லாம் போயிடுச்சு பாருங்க!"

கொரலி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, அது எங்க அப்பாடீ!"

விஷயம் புரிந்ததும் தெல்ஃபீன் அழ ஆரம்பித்தாள். "அழாதே. அழுக்கத்தானே துவைச்சே, கொலையா பண்ணிட்டே?" என்றாள் எர்மான்ஸ். கொடியில் கிடந்த கோட்டை மோந்து பார்த்தாள், சோப்புதான் மணத்தது.

டிராக்டரில் போன ரேமோன் கொடியைப் பார்த்துவிட்டான். சாயங்காலம் கறவை நேரத்துக்கு வியாபாரியின் லாரியோடு வந்து நின்றான்.

"கமகமன்னு இருக்கே அண்ணி, யாருக்குக் கல்யாணம்?"

"உனக்குத்தான் சவப்பெட்டி. வாசல விட்டு நகரு."

வீட்டில் போடுகிற கவுனோடு உள்ளே போனாள். முன்னால் நிற்பது எப்போதும் மார்க்கீஸ் என்கிற மாடு. அது எக்கினால் மற்றதெல்லாம் எக்கும். கன்றை ஊட்டவிட்டு, கட்டி, உப்புத் தூவி, மணையில் உட்கார்ந்தாள். மாடு திரும்பி மோந்தது. விட்டது ஓர் உதை. வாளி உருண்டது.

வாசலில் ரேமோன் சிரித்தான்.

வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். சொட்டு இறங்கவில்லை. அடுத்த உதை முழங்காலில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏண்டி, அவன் செத்துட்டான்டி! நானும் அழுது பாத்துட்டேன், வரல. மிச்சம் இருக்கறது நான்தான், இந்தக் கைதான். எத்தனை தரம் உதைச்சாலும் இங்கதான் வந்து உக்காருவேன். உன்னால ஆனதப் பாரு."

மாட்டின் விலாவில் தலையை முட்டுக்கொடுத்து, மடியை இரண்டு கையாலும் பிசைந்தாள், அப்பன் கடையில் மாவு பிசைந்ததுபோலவே. மார்க்கீஸ் பெருமூச்சு விட்டது. கன்றின் முதுகை நக்க ஆரம்பித்தது. காம்பு கனத்தது. வாளியில் சொர்ரென்று சத்தம் கேட்டது.

வியாபாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "எனக்கு இங்க வேலையில்லப்பா" என்று லாரியைப் பார்த்து நடந்தான்.

"ஒரு மாடுதானே" என்று முனகினான் ரேமோன்.

"மத்ததும் நிக்குது, பாத்துட்டே போ. சும்மா நிக்காதே, அடுத்த கன்னுக்குட்டியப் பிடி."

பிடித்தான்.

மறுநாள் காலையில் எர்மான்ஸ் அந்தக் கோட்டைக் கொடியிலிருந்து உருவி தெல்ஃபீன்மேல் எறிந்தாள். "துவைச்சவ நீதானே, நீயே போட்டுக்க. சாணி அந்தப் பக்கம் கிடக்கு."