மூலைச் சுவரின் மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் ‘களிமண் அக்கா’ என்று பெயர். ஈரமண்ணைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, உள்ளங்கையால் நூலாக உருட்டுவது அவள் வேலை. நூல் தீக்குச்சி கனத்துக்கு வரும்போது எந்த ஈரப்பதத்தில் நொறுங்குகிறதோ, அதுதான் அந்த மண்ணின் நெகிழ்வு எல்லை. இத்தகைய சொற்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கைகழுவும்போது அவையும் போய்விடும்.

கணவர் கொத்தனார். சொந்த வீட்டைத் தன் கையாலேயே கட்டினார். குடிபோன மறுவருடமே மூலைச் சுவரில் வெடிப்பு விழுந்தது. கோடையில் விரியும், மழையில் மூடும். எத்தனை முறை பூசினாலும் மறுபடி வாய் திறக்கும். கொத்தனார் வீட்டுச் சுவரே சிரிக்கிறது என்று மைத்துனன் விளையாட்டாகச் சொன்னது அவருக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. தன் கைத்திறன் போய்விட்டது என்று முடிவுகட்டி, வந்த வேலைகளைத் தட்டிக்கழித்தார்.

ஊரார் மண்ணையெல்லாம் சோதித்தவளுக்குத் தன் வீட்டு மண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. அதுவும் முழு உண்மையில்லை. அந்த மனைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். மறதி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஒருநாள் அவர் இனிக் கொத்துவேலையே வேண்டாம் என்று தூக்குக்குண்டையும் பூச்சுக் கரண்டிகளையும் மைத்துனனுக்குக் கொடுக்கச் சாக்கில் கட்டினார். அவள் போய் மூலைச் சுவரடியில் தோண்டினாள். மண்ணை உலர்த்திப் பொடித்துச் சலித்து, கூடத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு அளவுக்குழாய்களில் சமமாகப் போட்டாள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் ஒப்பிட்டுப் பார்க்க, எந்த மண்ணையும் வீங்கவைக்காத மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தாள்.

மறுநாள் அவரைச் சமையல் மேடைக்குக் கூப்பிட்டாள். மண்ணெண்ணெயில் மண் போட்டபடியே கிடந்தது. தண்ணீரில் இருந்தது இரண்டு மடங்குக்கு மேல் பொங்கியிருந்தது.

“இது வீங்குற களிமண்ணுங்க. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டா யார் கட்டினாலும் சுவர் வெடிக்கும்.”

அவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இத முன்னாடியே பாத்திருக்கலாமே?”

“பாத்திருக்கலாம். மனை நான் புடிச்சது. அதான் பயம்.”

“இத்தனை நாளா என் கையத் திட்டிட்டு இருந்தேன். இனிமே உன்னத் திட்டுறேன், போ” என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அவளுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

ஒரு சொல் எந்தச் சுவரையும் ஒட்டவைப்பதில்லை. வெடிப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் சுமக்கக் கூடாதவர் தோளிலிருந்து அது இறங்கிவிட்டது.

சில நாளில் மதில் கட்டச் சொல்லி ஒருவர் வந்தார். கொத்தனார் யோசித்தார்.

“கட்டித் தர்றேன். முதல்ல ஒரு கை மண்ணு எடுத்துட்டு வாங்க. எங்க வீட்டம்மா பாத்துச் சொல்லட்டும்.”