படையைக் கூட்டச் சொன்ன தனலெட்சுமி

லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் தனலெட்சுமியைத் தெரியாதவர்கள் கிடையாது. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்கடியில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் பசியாறும் நேரத்தில் தமிழ்ப் பேப்பரை விரித்து உலக நடப்பைச் சொல்ல ஆரம்பித்தாளானால், குலை வெட்டும் ஆண்கள்கூட வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்து கேட்பார்கள். கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் பதினோரு வருடமாக அவள் பேச்சு உண்டு. அவள் கணவர் வீரமுத்து அதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பதோடு சரி.

இரண்டாயிரத்து ஏழில் தலைப்பு இது: ஈராக்கில் அமெரிக்கா படையைக் கூட்ட வேண்டுமா, திரும்பக் கூப்பிட வேண்டுமா? இன்னும் இருபதாயிரம் பேர் போகிறார்களாம் என்று பேப்பரெல்லாம் அதே பேச்சு. தோட்டத்தில் அந்தப் போர் பிடித்தவர் ஒருவருமில்லை. அதனால் கூட்டச் சொல்லிப் பேச ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கோயில் கமிட்டி அம்மன் காலடியில் பூக்கட்டிப் பார்த்தது. சிவப்புப் பூ வந்தால் கூட்டுவது, வெள்ளை வந்தால் கூப்பிடுவது. தனலெட்சுமி பிரித்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

வீரமுத்து பயந்துபோனார். அவர்களுடைய ஒரே மகன் புவனேஸ்வரன் பாக்தாத்துக்குப் பக்கத்து முகாமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தான். குவைத்தில் ஹோட்டல் வேலை என்று அனுப்பிய ஏஜெண்டு அங்கிருந்து கைமாற்றிவிட்டிருந்தான். பாஸ்போர்ட் முதலாளியிடம். சிப்பாய்கள் கூடினால் தன்னை விடமாட்டார்கள், முகாம் காலியானால்தான் வீடு என்று போன வாரம்தான் போனில் சொல்லியிருந்தான்.

"வேற ஆளுக்குக் குடுத்துடு லெட்சுமி," என்றார் வீரமுத்து. "ஆத்தா முன்னால நின்னுகிட்டு கூட்டு, கூட்டுன்னு பத்து நிமிசம் கேக்கப்போற. அது வேண்டுதல்ல சேந்துடும்லா."

"அவ குடுத்தத அவகிட்டயே மாட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. மூன்று நாளாகப் பேப்பர் பிரிக்கப்படாமல் கிடந்ததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, அன்னதானம் முடிந்து, சன்னிதிக்கு நேர் எதிரே மண்டபத்தில் பட்டிமன்றம் தொடங்கியது. எதிரணியில் இராசரத்தினம், லுக்குட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வரைபடத்தை விரித்து, செத்தவர் கணக்கை ஆண்டுவாரியாகச் சொல்லி, படையைத் திரும்பக் கூப்பிடுவதே நியாயம் என்று பேசினார். உட்காரும்போது, "இனி எங்கட தங்கச்சி அமெரிக்காவுக்கு ஆள் சேர்ப்பா. மண்டோர் கவனமாய் இருக்கவேணும்," என்று ஒரு குத்து குத்தினார். மண்டபம் சிரித்தது.

தனலெட்சுமி எழுந்து மைக்கிடம் போகவில்லை. நேரே அர்ச்சகரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் தயங்கினார். பிறகு, அலங்காரத்துக்குப் போடுவதுபோல, அம்மனுக்குத் திரையைப் போட்டுவிட்டார்.

"இந்தப் பத்து நிமிசம் ஒங்ககிட்ட பேசுறேன்," என்றாள் மைக்கில். "ஆத்தாகிட்ட இல்ல."

புவனேஸ்வரன் எங்கே இருக்கிறான் என்று தோட்டத்துக்குத் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.

போரை அவள் நியாயப்படுத்தவில்லை. ஆரம்பித்ததே பாவம் என்றுதான் தொடங்கினாள். பிறகு, பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று வைக்கும் மறுநடவுக்கு வந்தாள். "மரத்தச் சாய்ச்சவன் அப்படியே போட்டுட்டுப் போனா என்னா ஆவும்? மக்குன மரத்துல வண்டு முட்ட வைக்கும். அந்த வண்டு அடுத்த தோட்டத்துக் குருத்தத் திங்கும். சாய்ச்சவன் இன்னும் நாலு ஆளக் கொண்டாந்து சுத்தம் பண்ணிட்டுத்தான் போவணும்." அங்கிருந்து பாக்தாத்துச் சந்தைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் படுக்கவைக்கும் தாயைப் பற்றிச் சொன்னாள். காவலுக்கு நிற்கிறவனும் போய்விட்டால் அவளுக்கு யார் என்று கேட்டாள்.

வீரமுத்து மனசுக்குள் மூன்று இடத்தில் மறுத்தார். மூன்றுக்கும் அடுத்த வாக்கியத்திலேயே பதில் வந்தது. நான்காவது இடத்தில் தன் தலை ஆடுவதைக் கண்டார். மகன் வரக்கூடாது என்பதற்கான வாதத்துக்கு அல்லவா தலையாட்டிக்கொண்டிருக்கிறார். இருபத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தவள்தான். இவ்வளவு பெரியவளா இவள் என்றிருந்தது.

நடுவர் மங்கையற்கரசி டீச்சர் தீர்ப்பை இழுக்கவில்லை. எல்லார் மனசும் இராசரத்தினம் பக்கம்தான், ஆனால் வென்றது தனலெட்சுமி என்றார். முதலில் எழுந்து கைதட்டியது இராசரத்தினம். விஷயத்தை யாரோ காதில் போட்டிருக்க வேண்டும். கிட்டே வந்து, "பிள்ளை அங்க இருக்கிறது தெரியாமல் கதைச்சிட்டன் அம்மா," என்றார்.

அவள் தலையசைத்துவிட்டுச் சன்னிதிக்குப் போனாள். வீரமுத்து பின்னாலேயே போய் நின்றார். திரை விலகியது, மணி அடித்தது, கற்பூரம் எரிந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தார். அவளோ, மேடையில் பேசிய அதே நிதானத்தில், அம்மனைப் பார்த்து, பின்னால் நின்ற அவருக்கு மட்டும் கேட்கும்படி, எதிர்ப்பக்கத்தை எடுத்தாள். கூட்டுவதற்குப் பத்து நிமிடம் போதாமல் காரணம் அடுக்கியவள், கூப்பிடுவதற்கு ஒன்றைத்தான் சொன்னாள்.

"என் புள்ள அங்க இருக்கான்."

படை கூடியது. புவனேஸ்வரன் வந்துசேர ஒன்றரை வருடம் ஆனது. அன்றைக்கு நீ பேசினதால்தான் என்று, அந்த ஒன்றரை வருடத்தில், கோபத்தில்கூட வீரமுத்து ஒருநாளும் சொன்னதில்லை.