சிகாமணி சொன்ன விக்கினம்

போன மாதம் எங்கள் ராயபுரத்துப் படிப்பகத்தில் பட்டிமன்றம். 'கடவுள் நம்பிக்கை இல்லாமல் ஒழுக்கம் உண்டா?' என்று தலைப்பு. இல்லவே இல்லை என்று பேசியவன் நான். உண்டு என்று பேசியவர் சைக்கிள் கடை சிகாமணி.

சிகாமணிக்குப் பெற்றோர் வைத்த பெயர் தெய்வசிகாமணி. முன்பாதியை அவரே வெட்டி எறிந்துவிட்டார்! கடை எங்கள் மாதா கோயிலுக்கு நேர் எதிரே. ஞாயிற்றுக்கிழமை பூசை முழுவதும் ஒலிபெருக்கி வழியாக அவர் காதில் விழுந்தாக வேண்டும். "உங்க ஜெபமெல்லாம் எனுக்கு மனப்பாடம் அண்ணாத்தே... நம்பிக்கதான் இல்ல" என்பார். ஐயரும் வேண்டாம், சாமியாரும் வேண்டாம் என்கிற ஜோடிகளுக்கு மாலை மாற்றிக் கல்யாணம் நடத்தி வைப்பதும் அவர்தான்.

மேடையில் நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். "கடவுள் சாட்சி இல்லாமல் கொடுத்த வாக்கு நீர்மேல் எழுத்து! நாளைக்கு ஒருவன் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனால் யார் கேட்பது?"

"நான் கேப்பேன்" என்றார் சிகாமணி, உட்கார்ந்தபடியே.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குத்தான் கைதட்டல் அதிகம்.

அடுத்த பதினைந்தாம் நாள் என் மகள் ஸ்டெல்லாவுக்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம். இதற்கு விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கவும்... பிறந்ததிலிருந்து கேட்கிறேன். யாராவது போய்த் தெரிவித்து நான் பார்த்ததில்லை. அது ஒரு கேள்வி என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. ஓலை முடிந்தால் பாட்டு, பாட்டு முடிந்தால் வீடு, வீட்டில் கறிக்குழம்பு.

மாப்பிள்ளை மைக்கேல். எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலை. பார்க்க லட்சணமான பையன். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து நன்மை அப்பம் வாங்குகிறவன். வேறென்ன வேண்டும்?

அன்று மாலை பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். போனால், அங்கே சிகாமணி! ஆயுளில் கோயில் வாசல்படி மிதிக்காத மனிதர், கையில் கிரீஸ் கறையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"சாமி மைக்ல கேட்டாரு அண்ணாத்தே, தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு. எனுக்குத் தெரியும். வந்தேன்" என்றார். "மூணு வருசம் முன்னாடி இந்த மைக்கேலுக்கு மீஞ்சூர்ல கல்யாணம் பண்ணி வெச்சதே நான்தான். பொண்ணு பேரு கஸ்தூரி. ஒரு கொழந்த வேற கீது."



அதற்குள் மைக்கேலின் தாய்மாமனும் வந்து சேர்ந்தார். அவருக்கு எல்லாம் தெரியுமாம்! எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்களுக்குத் தெரியுமாம். பெண் வீட்டு வம்பு நமக்கெதற்கு என்று இருந்துவிட்டார்களாம். "அது இன்னா கல்யாணம்? சாமியார் இல்ல, தாலி இல்ல. நாலு பேரு மைக்ல பேசிட்டு மாலைய மாத்தினா கல்யாணமா?" என்றார்.

யாருடைய வாதம் இது? நான் மேடையில் கைதட்டு வாங்கிய அதே வாதம்!

சாமியார் என்னைப் பார்த்தார். "கோயில் சட்டப்படி அது கல்யாணம் இல்லதான். சட்டம் தடுக்காது. ஆனா... நீங்க ஒரு தடவ மீஞ்சூர் போயிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் அடுத்த ஓலைய நான் வாசிக்க மாட்டேன்."

வெட்கத்தோடு எழுதுகிறேன். 'சட்டம் தடுக்காது' என்றதும் ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, தூத்துக்குடி வரை சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது...

மறுநாள் சிகாமணியோடு கொருக்குப்பேட்டையில் பாசஞ்சர் ஏறினேன். இரண்டு டிக்கெட்டையும் அவரே எடுத்தார். மீஞ்சூரில் ஓலைக்கூரை வீடு. சுவரில் போட்டோ: மாலையோடு மைக்கேல், பக்கத்தில் ஒரு பெண், நடுவில் மைக்கைப் பிடித்தபடி சிகாமணி.

கஸ்தூரி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். நான் மைக்கேலின் எண்ணூர்க் கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "அவரு நல்லா கீறாரா? ஓவர்டைமுன்னு சொல்லிட்டுப் போனாரு, ரெண்டு மாசமாச்சி. வேளைக்குச் சாப்பிட்றாராண்ணே?" என்றாள்.

பட்டிமன்றத்தில் அரை மணி நேரம் பேசிய வாய் இது. "சாப்பிடுறாரும்மா" என்று மட்டும் முணுமுணுத்தது.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமன் சொன்னதையும் மறைக்கவில்லை. சாமியார் இல்லை, தாலி இல்லை, சட்டம் தடுக்காது... அவள் நான் முடிக்கும்வரை கேட்டாள்.

"அவருக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சேப்பா" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று அவள் அழுததை அடுப்படிச் சுவர் வழியாகக் கேட்டேன். ஆனால் என் மகளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை வந்ததும் அன்றுதான்.

அப்புறம் சாமியாரும் சிகாமணியும் ஜோடியாக எண்ணூர் போனார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை! என்ன பேசினார்களோ, மைக்கேல் மீஞ்சூர் போய்விட்டான். நிலைத்து இருப்பானா? தெரியாது. ஆனால் கேட்க ஆள் இருக்கிறது என்பது அவனுக்கு இப்போது தெரியும்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. கோயிலில் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். தலை குனிய வேண்டி வரும் என்று பயந்துகொண்டுதான் போயிருந்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நானும் நிமிர்ந்துகொண்டேன்.

வாசகர்களே, கடவுள் இல்லாமல் ஒழுக்கம் உண்டா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். விக்கினம் உண்டா என்று ஓலையில் கேட்டது எங்கள் கோயில்தான், அதில் எனக்கு நன்றி உண்டு. அதற்குப் பதில் சொல்ல வந்தவர் சிகாமணி. என் மகளின் வாழ்க்கை அந்தப் பதிலால்தான் பிழைத்தது.

பூசை முடிந்ததும் தெருவைக் கடந்து நேரே சைக்கிள் கடைக்குப் போனேன். "கடவுளுக்கு நன்றி சொல்லிட்டு வர்றேன் சிகாமணி. அடுத்த நன்றி உங்களுக்கு" என்றேன்.

அவர் சக்கரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவருக்கு எதுக்கு அண்ணாத்தே? மீஞ்சூருக்கு டிக்கெட் எட்த்தது நானு!"