பேட்டரி இறங்கிய மாசி மகம்

என் பிக்கப் வண்டி எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்காதீர்கள். மீட்டர் செத்தே பல வருஷம் ஆகிறது. துறைமுகத்திலிருந்து தவளக்குப்பம் மார்க்கெட்டுக்கு மீனும் ஐஸும் ஏற்றி, உப்புத்தண்ணீர் ஒழுகி ஒழுகி, அடியெல்லாம் அரித்துப்போன வண்டி. சாவியைத் திருப்பினால் ஒருநாள் எழுந்திருக்கும், ஒருநாள் எழுந்திருக்காது. எழுந்திருக்காத நாளில் நான் போடும் சத்தத்தில் எங்கள் குப்பமே எழுந்துவிடும். "வண்டிய எழுப்புறியா, ஊர எழுப்புறியா?" என்பாள் என் மனைவி.

அந்த வண்டியின் வியாதியெல்லாம் எனக்கு அத்துப்படி. ஸ்டார்ட் ஆகாத வண்டியை முதலில் காதால் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் 'டக்'கென்று ஒரே சத்தத்தோடு நின்றுபோனால் செல்ஃப் மோட்டாரில் கோளாறு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா, டீசல் லைனில் காற்று. 'டிக் டிக் டிக்' என்று பல்லி மாதிரி கத்தினால் பேட்டரி இறங்கிவிட்டது. இதற்கு மேல் எந்த மெக்கானிக்கும் எனக்குப் புதிதாக ஒன்றும் சொன்னதில்லை.

மாசி மகத்துக்கு எங்கள் சாமி கடலுக்குப் போவது என் வண்டியில்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு, பொய் சொல்வானேன். அந்த வருஷம் தீர்த்தவாரி முடிந்து கரையேறும்போது எங்கள் வண்டி முன்னால் வந்தது, பக்கத்துக் குப்பத்துச் சாமி வண்டி பின்னால் வந்தது. யார் முன்னால் போவது என்பதில் இரண்டு ஊருக்கும் பழைய பகை. கடற்கரையிலிருந்து மேலே ரோட்டுக்குப் போகும் வழி ஒரு மேடு. இரண்டு பக்கமும் சுவர். ஒரு வண்டிதான் போகலாம். பாதி மேட்டில் ஆரத்திக்காக நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். "பொகை சாமி மேல அடிக்குது, இன்ஜின ஆஃப் பண்ணு" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். கேட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஆரத்தி முடிந்து சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. என்ன சத்தம் வருகிறது என்று கேட்கலாமென்றால் பம்பையும் வெடியும் காதைப் பிளந்தன. "கொஞ்ச நேரம் நிறுத்துங்கடா!" எவன் கேட்டான்? சரி, கிழட்டு செல்ஃப்தான் சதி செய்கிறது என்று நினைத்து, சக்கரங்களுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு அடியில் புகுந்து, வீல் ஸ்பானரால் மோட்டார் மண்டையில் நாலு போட்டேன். வழக்கமாக அதற்கே பயந்து சுற்றிவிடும். அன்றைக்கு அசையவில்லை.

என் மனைவியின் ஒரே தம்பி, என் மச்சான், சாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புடா" என்றேன். முன்னால் நின்று பார்த்தேன். விளக்கு சிவந்து, மங்கி, அணைந்தே போய்விட்டது. செல்ஃப் இல்லை, பேட்டரி. ஆனால் போன மாதம்தான் போட்ட புதுப் பேட்டரி எப்படி இறங்கும்? பானெட்டைத் தூக்கினேன். பேட்டரியிலிருந்து ஒரு வயர் பின்னால் மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு வேலைடா இது?"

"நான்தான் மாமா. ஜெனரேட்டர் சத்தத்துல நாதஸ்வரம் கேக்கல. அதான் இதுல குடுத்தேன்."

"பட்டப்பகல்ல உனக்கு சீரியல் லைட் கேக்குதா?" வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். சாமி பின்னால் இருக்கிறது என்ற நினைப்பே இல்லை.

கோளாறு தெரிந்துவிட்டால் வேலை சுலபம். பின்பக்கம் பள்ளம். ரிவர்ஸ் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்து உருட்டிவிட்டுப் பட்டென்று விட்டால், பழைய டீசல் இன்ஜின், பிடித்துக்கொள்ளும். சொன்னேன். மச்சான் குடைக் கழியோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"சாமி பின்னால போவாது மாமா. அதுவும் இவனுங்க எதுக்க போவவே போவாது."

அவன் விட்டாலும் அவர்கள் விட வேண்டுமே! என் வண்டி உருள வேண்டுமென்றால் அவர்கள் சாமி முதலில் பின்னால் போக வேண்டும். "எங்க சாமி ஏன்டா பின்னால போவணும்? ஒங்க ஓட்ட வண்டிக்கா?" என்று கத்தினார்கள். சரி, மேலேயே தள்ளுவோம் என்று எல்லோரும் தோள் கொடுத்தார்கள். ஒரு முழம் ஏறியது, இரண்டு முழம் சறுக்கியது. மறுபடி கல்லைக் கொடுத்து நிறுத்தினோம். அப்போதுதான் அவர்கள் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "ஒங்க சாமிக்கு பேட்டரி டவுனாடா?"

அவ்வளவுதான். குடைக் கழி, தேங்காய், செருப்பு, கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. பம்பைக்காரன் மேளத்தையே தூக்கி ஒருவன் முகத்தில் அடித்தான். ஒருவன் காதைக் கடித்துத் துப்பினான், என் கண்ணால் பார்த்தேன். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் மேலே ரோட்டில் நின்று விசில் ஊதினார்கள். என் முதுகிலும் ஒன்று விழுந்தது. எவன் என்று பார்க்காமலே ஸ்பானரால் திருப்பிக் கொடுத்தேன், எதிலோ பட்டது. திரும்பினால், சவுக்குக் கழி ஒன்று மச்சான் மண்டையில் இறங்குகிறது. அந்தச் சத்தம் மட்டும் எல்லா இரைச்சலுக்கும் மேலே தனியாகக் கேட்டது. அப்படியே டயர் பக்கத்தில் சரிந்தான். ரத்தம் கண், மூக்கு, வாய் எல்லாம் வழிந்தது.

மேலே ஆம்புலன்ஸ் வந்து கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைத் தாண்டி அது எப்படி இறங்கும்? அவனைத் தூக்கிக்கொண்டு அந்த அடிதடிக்குள் நானும் ஏற முடியாது. வழியை அடைத்து நின்றதே என் வண்டிதான். அவனைத் தூக்கிச் சாமி பக்கத்தில் பூசாரி மடியில் போட்டேன். என் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்?

பின்வண்டி டிரைவர் எனக்குத் தெரிந்தவன். துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும்போது சேர்ந்து டீ குடிப்போம். தொண்டை கிழியக் கத்தினேன்: "டேய், பின்னால எடுடா! என் மச்சான் செத்துடுவான்டா!"

அவன் என்னைப் பார்த்தான். தன் ஆட்களைப் பார்த்தான். பிறகு ரிவர்ஸ் எடுத்தான். அவன் ஊர்க்காரர்களே ஜன்னல் வழியாகக் கழியை விட்டுக் குத்தினார்கள், ஸ்டீயரிங்கில் இருந்த கையில் அடித்தார்கள், தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அடி விழ விழ அவன் வண்டி பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

நான் கல்லை எட்டி உதைத்துவிட்டு ஏறினேன். எங்கள் ஆட்கள் சிலர் அப்போதும் பின்னால் நின்று வண்டியை முட்டுக் கொடுத்தார்கள். "நவுருங்கடா, ஏத்திடுவேன்!" என்றேன். சத்தியமாக ஏற்றியிருப்பேன். நகர்ந்தார்கள். உருட்டினேன், கிளட்சை விட்டேன், வண்டி ஒரு உலுக்கு உலுக்கிப் பிடித்துக்கொண்டது. கரும்புகை சாமி மேல் அப்பியது. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் கூட்டத்தைப் பிளந்து ரோடேறி, அந்த ஆம்புலன்ஸில் மச்சானை ஏற்றினேன்.

தலையில் வரிசையாகத் தையல். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் அந்த டிரைவரைப் படுக்கவைத்திருந்தார்கள். வலது கை மூன்று இடத்தில் முறிவு, இனி பழையபடி மடங்காதாம். அவன் ஊரிலிருந்து ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. என் மனைவி தம்பிக்கு எடுத்துவந்த கஞ்சியை அவனுக்கும் ஊட்டினாள்.

மறுநாள் மச்சான் கண் திறந்தான். வீங்கிய உதட்டை அசைத்து மெதுவாகக் கேட்டான்.

"மாமா, சாமி பின்னால போச்சா?"

"போச்சு."

"மொதல்ல பின்னால போனது யாரு சாமி?"

"அவனுங்க சாமி."

அந்த வீங்கிய முகம் சிரித்தது. "அப்ப நாமதான் ஜெயிச்சோம் மாமா."

கட்டுப் போட்ட முகம் என்றுகூடப் பார்க்காமல் ஓங்கி ஓர் அறை விட்டேன். என் மனைவி அலறினாள். நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.