அக்கா வைத்த இரண்டு டம்ளர்

எங்கள் அக்காவின் உத்தியோகம் எலிகளை நோகடிப்பது. ஆய்வுக்கூடத்தில் அதற்கென்றே மாதச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு நாள் கூண்டைச் சாய்த்து வைப்பாள், இன்னொரு நாள் எலி படுக்கப் பரப்பிய மரத்தூளை நனைத்து வைப்பாள், வேறொரு நாள் விளக்கை அணைக்கவே மாட்டாள். எது எப்போது வரும் என்று எலிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் பழகிவிடும். பிள்ளை இல்லாததால் மருமகளுக்குப் போக வேண்டியது எலிக்கு வந்து சேர்ந்தது என்று நான் சொல்வதுண்டு.

"பெரிய பயம் வந்தா வந்த வேகத்துல போயிடும்டி," என்பாள். "தினம் தினம் நச்சரிப்புதான் ஆளைக் கவுக்கும்."

நச்சரிப்பு ஓயாவிட்டால் பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன் அடங்காதாம். மூளையில் ஆசையைக் கிளப்புகிற டோபமின் மந்தமாகிவிடுமாம். அதைப் பார்க்கக் கூண்டில் இரண்டு புட்டி மாட்டுவார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். நல்ல எலி சர்க்கரையை விடாது. நொந்த எலிக்கு இரண்டும் ஒன்றுதான். இடப்பக்கம், வலப்பக்கம் என்று எலிக்கும் பழக்கம் உண்டென்பதால் புட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைப்பாள்.

அவள் புருஷன், எங்கள் மாமா, ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். புதிதாக வந்த மேலாளர் முன்கூட்டிச் சொல்லாமல் அவருடைய ஷிஃப்டை மாற்றினார், நாற்காலியை மாற்றினார், எல்லார் முன்னாலும் ஏசினார். கூண்டைச் சாய்க்காததுதான் குறை. டீயில் சர்க்கரை குறைந்தால் வீட்டை இரண்டாக்கும் மனிதர், கொடுத்ததைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தார். உடம்புக்கு நல்லதுதானே என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

அக்கா அவர் முன்னால் இரண்டு டம்ளர் டீ வைக்க ஆரம்பித்தாள். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் இல்லை. தினமும் இடம் மாற்றினாள். மாமா இரண்டிலும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். பிறகு கைக்குப் பக்கத்தில் இருப்பதைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

"கட்டின புருஷனைப் போய் எலியாக்குறியே, உனக்கே நல்லாருக்கா?" என்றேன். அவர் மீதம் வைத்த சர்க்கரை டீயை அவள் என் முன்னால் நகர்த்தினாள். எனக்கும் அதன்பின் பயமாகிவிட்டது.

மறுநாள் ஆய்வுக்கூடத் தலைவரிடம் கேட்டிருக்கிறாள். "சார், சர்க்கரையைச் சீண்டலைன்னா நொந்துபோச்சுன்னு அர்த்தம்தானே?"

"ஒண்ணே ஒண்ணை வச்சு அப்படிச் சொல்லிட முடியாதும்மா. நிறைய வேணும்."

"எங்கிட்ட ஒண்ணுதான் சார் இருக்கு," என்று சொல்லி லீவு கேட்டு வந்துவிட்டாள்.

மனநல மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். மாமா தனக்கு ஒன்றுமில்லை என்றார். அக்கா வேறு வழியில்லாமல் டம்ளர் விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"நீ வச்சுப் பாக்குறது தெரியும்," என்றார் அவளிடம். "எது இனிப்புன்னும் தெரிஞ்சுது. அதை எடுத்துக் குடிச்சா உனக்கு நிம்மதின்னும் தெரியும். அவ்வளவு தூரம் கையை நீட்டத்தான் முடியல."

இரண்டு டம்ளருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது.