தண்ணீரில் விழுந்த மஞ்சள் வீடு

காஸ்ட்ரோ என்ற தீவு ஊரில், கடல்கழிக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் வீடுகளில் ஒன்றில் பிறந்து, படகுத்துறையில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர் டெலிசியோ ஒயார்சோ. ஓய்வு பெற்ற மறுவாரமே தான் ஒரு கலைஞர் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு தொப்பி வாங்கினார். பிறகு அதற்குப் பொருத்தமாக ஒரு கேமரா வாங்கினார்.

வீடுகளை அவர் படம் எடுக்க மாட்டார். கடல் ஏறி வீட்டுக் கால்களை விழுங்கிய பிறகு, தண்ணீரில் நெளியும் நிறங்களைத்தான் எடுப்பார். அந்தத் தலைகீழ் பிம்பத்தை அப்படியே சட்டம் போட்டு ‘தனிமை - 1’, ‘தனிமை - 2’ என்று பெயர் வைப்பார்.

“என்ன டெலிசியோ, பெயிண்ட் டப்பா கவுந்துடுச்சா?” என்பாள் மீன்காரி நெல்டா.

“இதுல எது என்னன்னு தெரியவே கூடாது. அதான் கலை.”

“அப்ப கண்ண மூடிக்கிட்டே பாத்துடலாம்!”

ஊர் சிரித்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மனைவி எடெல்மிரா ஒரு படத்தைக்கூட நின்று பார்த்ததில்லை என்பதுதான் மனக்குறை. மில்காவோ அடை சுட உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டே “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்பாள். தலை நிமிராது. தன் கலையை அவள் ஒரே ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட வேண்டும், மனுஷனுக்கு அந்த ஒரே ஏக்கம்.

நகர மண்டபத்துக் கண்காட்சியில் அது நிறைவேறியது. தலைநகர் சாந்தியாகோவிலிருந்து வந்த கலை நிபுணர் ஒருவர் ‘தனிமை - 7’ முன்னால் நின்று, “இதுல இடமும் இல்ல, காலமும் இல்ல!” என்று உருகிக்கொண்டிருந்தார். எடெல்மிராவும் அங்கே வந்து நின்றாள். ஐந்து நிமிஷமாகியும் நகரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் யாரையும் கேட்காமல் படத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். டெலிசியோ சந்தோஷத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“இந்த மஞ்சள் நம்ம வீடு” என்றாள்.

“மஞ்சள்ங்கிறது ஒரு உணர்வு, எடெல்மிரா.”

“உணர்வும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம வீட்டுப் பின்பக்கம். நீ அடிச்ச பெயிண்ட் பாதியில தீந்துபோய் ஒரு மூலை வெளுத்துக் கெடக்கு பாரு. இந்தச் செவப்பு என் தங்கச்சி குடுத்த மேஜைத் துணி. ஒரே ஒரு தடவதான் தொவச்சுப் பின்பக்கம் காயப்போட்டிருக்கேன், பிப்ரவரித் திருவிழாவுக்கு மறுநாள் காலையில. அன்னிக்கு நீ தால்காவே சந்தைக்குப் போறேன்னுல்ல போன?”

நிபுணர் பரபரவென்று குறிப்பெடுத்தார். “அபாரம்! மேல சொல்லுங்க மேடம்.”

“நம்ம பின்பக்கம் இப்படி நேராத் தெரியணும்னா எதிர்க்கரையில நிக்கணும். அங்க நிக்கறதுக்கு ரோடும் கிடையாது, பாலமும் கிடையாது. ரொட்டிக்கடை மிர்த்தாவோட படுக்கையறை ஜன்னல்தான் இருக்கு.”

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே நொடியில் கலை ரசனை பொங்கிவிட்டது. முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். நெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இந்த ஓரத்துல ஆடுறது அவ ஜன்னல் திரைதானே? பூப்போட்டது!” என்று மேலும் விளக்கம் சொன்னாள்.

“அது… வெளிச்சத்தோட விளையாட்டு” என்று முணுமுணுத்தார் டெலிசியோ. தண்ணீர் எல்லாவற்றையும் கலைத்துவிடும் என்று நம்பிய மனுஷர், வெளியே எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்.

நிபுணர் நெகிழ்ந்துபோயிருந்தார். “இவ்வளவு நேரம் யாரும் ஒரு படத்தப் பாத்து நான் கண்டதில்ல. இது உங்க வீட்டுலயே இருக்க வேண்டியது, மேடம்.”

“ஒரு வாரம் இங்கயே தொங்கட்டும், ஊரு பாக்கட்டும். அப்புறம் நானே வாங்கிக்கிறேன்” என்றாள் எடெல்மிரா. “வக்கீல்கிட்டக் குடுக்கணும்.”

நிபுணர் சட்டத்தின் ஓரத்தில் ‘விற்றாகிவிட்டது’ என்ற அட்டையைச் செருகினார். டெலிசியோ விற்ற முதல் படம் அதுதான்.